கோரம் பதின்மூன்று

போன் அடிக்கட்டும் தம்பி. ஒன்பது தடவை அடிக்கும், அப்புறம் தானாக நின்றுவிடும். எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாருங்கள், நின்றுவிட்டது.

யாரென்று பார்க்கவே வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஹெச்.எம். செலின் டீச்சர். இன்று மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதற்குத்தான் ஆள் கூப்பிடுகிறார். காலையிலிருந்து இது நாலாவது. எடுத்தால் பேச வேண்டும். பஸ்ஸுக்குள் பேசுவதென்றால் சத்தமாகப் பேச வேண்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது வராது. உங்களிடம் இவ்வளவு பேசுவதே, நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பதால்தான். இந்த அறுபத்தெட்டு வயதில், ஓடுகிற பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று ஒரு தடவைகூட நான் சத்தம் போட்டதில்லை. யாராவது இறங்கினால் அவர் பின்னாலேயே இறங்கிக்கொள்வேன். ஒருவரும் இறங்காவிட்டால் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடப்பேன். பத்துத் தடவை அப்படி நடந்திருப்பேன். இல்லை, பதினொன்று.

நீங்கள் மதுரைக்கா? நான் ராஜபாளையம். மகள் வீடு. ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாமென்று. இந்தக் கூட்டம் கழியட்டும்.

இந்த டின்னா? தின்பண்டம் இல்லை. சொல்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். ஊர் சுந்தரப்பத்து. செங்கோட்டைப் பக்கம் ஒரு மரவாடியில் நாற்பத்தோரு வருடம் அளவுக்காரனாக இருந்தேன். லாரியிலிருந்து தடி இறங்கினால் சுற்றளவு பிடித்து, நீளம் பிடித்து, கன அடி போட்டு எழுதுவது. படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் நான் போட்ட கணக்கை முதலாளி மறுபடி கூட்டிப் பார்த்தது கிடையாது. சுத்தியலின் பின்பக்கத்தால் தடியை ஒரு தட்டு தட்டினால் உள்ளே வைரமா உளுப்பா என்று காது சொல்லிவிடும். உளுப்பு என்றால் வாயைத் திறந்து சொல்லமாட்டேன். சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தடிக்குப் போய்விடுவேன். குறி விழுந்த தடி தனியாக ஒதுங்கிவிடும். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. நாற்பத்தோரு வருடம் அப்படியே ஓடிவிட்டது.

பள்ளிக்கூடத்தில்தான் அது செல்லவில்லை.

அந்தக் குழுவில் இருபத்துநாலு பேர். முக்கால்வாசி பிள்ளைகளின் தாய்மார். டீச்சர்மார் இரண்டு பேர், வார்டு மெம்பர், இப்படி. அதில் முன்னாள் மாணவர் என்று ஒரு வகை இருக்கிறது. போன வருடம் செலின் டீச்சர் என் வீட்டுக்கே வந்து, "ஐயா, இந்த ஸ்கூல்ல படிச்சவங்கள்ல இப்ப ஊருல இருக்கிற மூத்த ஆள் நீங்கதான், மாட்டேன்னு சொல்லாதீங்க" என்றார். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமே. அப்படித்தான் சேர்ந்தேன். குழுவின் தலைவி முப்பிடாதி என்று ஒரு பெண். பீடி சுற்றுகிறவள். நல்ல வாய். முதல் நாளே, "அறுபத்தேழு வயசு மாணவர் வந்திருக்காரு, பெஞ்சைத் தொடச்சுப் போடுங்கட்டீ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்டவள் இல்லை.

அந்த முதல் கூட்டத்தில்தான் அந்த வார்த்தையைக் கேட்டேன். டீச்சர் உள்ளே வந்தார், எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார், "இன்னிக்கும் கோரம் இல்லை" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். கோரம் என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? லாரி ஏறிக் கிடப்பதைப் பேப்பரில் போடுவார்களே, கோர விபத்து என்று, அது. அது இல்லையென்றால் நல்லதுதானே, டீச்சர் ஏன் முகத்தைத் தொங்கப் போடுகிறார் என்று விளங்கவில்லை. முப்பிடாதி என் முழிப்பைப் பார்த்துவிட்டாள். "அது ஒண்ணுமில்ல தாத்தா. தலை எண்ணிக்கை. இருபத்துநாலுல பாதிக்கு ஒண்ணு மேல, பதிமூணு தலை உள்ள இருக்கணும். இருந்தாத்தான் தீர்மானம் செல்லும்" என்றாள்.

சரி, எண்ணிக்கைதானே என்று எனக்கு மூச்சு வந்தது. எண்ணிக்கை என் தொழில்.

ஆனால் அவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். அன்றைக்கு உள்ளே இருந்தது ஏழு பேர். மறுநாள் ஆயாம்மா பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கையெழுத்து. பீடித் தட்டை மடியில் வைத்தபடியே ஒருத்தி ஒரு கையெழுத்து. என் வீட்டுக்கு வரும்போது பதினாறு கையெழுத்து விழுந்திருந்தது. ஏழு பேர் கூட்டத்துக்குப் பதினாறு கையெழுத்து! நான் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சீட்டில் "இருந்தது 7, இருப்பது 16" என்று எழுதி உள்ளே வைத்து, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

அதிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பழக்கம் நின்றுவிட்டது. பதின்மூன்று பேர் இருந்தால் கூட்டம், இல்லையென்றால் பதிவேடு மூடப்படும். எண்ணுவது என் வேலை. மேலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வந்தவர், "இந்த வட்டாரத்திலேயே இங்க ஒரு ஸ்கூல்லதான்மா கோரம் ஒழுங்கா பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என்னைக் கைகாட்டினார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பெயரே கோரத் தாத்தா. பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடும். "கோரத் தாத்தா வாராரு, கோரத் தாத்தா வாராரு" என்று. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது மரத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். நான் படிக்கிற காலத்தில் அது என் தொடைக் கனம் இருந்தது. இப்போது அடிமரம் பதினோரு அடி நாலு அங்குலம் சுற்றளவு. அந்த நிழலில்தான் மத்தியானச் சாப்பாடு. இந்தத் தை மாதம், விடியற்காலையில் வாய்க்காலுக்குக் குளிக்கப் போகும்போது, மரத்தடியில் வெளேரென்று மாவு மாதிரி ஏதோ கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். மரத்தூள். தூள் அடிமரத்தருகே விழவில்லை. அங்கிருந்து பதினெட்டு அடி தள்ளி விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நேர் மேலே, பெரிய கிளை இரண்டாகப் பிரிகிற கவை. வண்டு அந்தக் கவைக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அடிமரம் கல் மாதிரி இருக்கும், கிளைதான் போகும். மேற்கிலிருந்து காற்று வந்தால் கவை பிளக்கும். இது எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அந்தத் தூளைக் கூட்டி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அளப்பேன். அளந்ததை நோட்டில் எழுதுவேன். தையில் ஒரு வாரத்துக்குக் கால் சிரட்டை. மாசி பிறந்ததும் அரை. அந்தக் கிளைக்குக் கீழே யார் உட்காருவார்கள் என்றும் பார்த்து வைத்தேன். நாலாம் வகுப்பு. இருபத்தோரு பிள்ளைகள்.

சொன்னேனா என்றா? சொன்னேன் தம்பி. சொல்லாமல் இருப்பேனா? டீச்சரிடம் ஒரு சீட்டு கொடுத்தேன். "மரம் உளுத்துவிட்டது. குழுவில் வைக்கவும்" என்று. அடிமரத்தில் ஒரு பெருக்கல் குறியும் போட்டேன். எட்டும் உயரத்தில்தானே போட முடியும்? பிள்ளைகள் என்ன செய்ததுகள் தெரியுமா? என் குறியைச் சுற்றி மூன்று கோடு இழுத்து ஸ்டம்பாக வைத்துக்கொண்டு கிரிக்கெட் விளையாடின. பந்து என் குறிமேல் பட்டால் அவுட்.

டீச்சரைக் குறை சொல்லமாட்டேன். அந்த வாரமே கயிறு வாங்கி வந்து கட்டினார். அடிமரத்தைச் சுற்றி, நாலு அடி தள்ளி. உளுத்தது மரம் என்றால் அடிமரம் என்று நினைத்துவிட்டார். கிளை என்று நான் சீட்டில் எழுதவில்லை. கூட்டத்தில் பொருளாக வரும்போது கேட்பார்கள், அப்போது விவரமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். முறை அதுதானே? இடையில் போய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? கயிறு கட்டியதும் என்ன ஆயிற்று, அதுவரை மரத்தடியில் பரவலாக உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாம் கயிற்றை விட்டுத் தள்ளி, கவைக்கு நேர் கீழே நெருக்கமாக உட்காருகின்றன. அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

மரத்தை வெட்டுவதானாலும், ஒரு கிளையைக் கழிப்பதானாலும் மேலே அனுமதி வேண்டும். அனுமதிக்குக் குழுத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கோரம் வேண்டும். அதனால் பிப்ரவரிக் கூட்டத்தில் மரம் மூன்றாவது பொருள்.

பிப்ரவரியில் வந்தது பதினொரு பேர்.

டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்து, "ஐயா, அவசர விஷயம். பேச்சித்தாயும் வார்டு மெம்பரும் நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவாங்க. இந்த ஒரு தடவை கண்டுக்காதீங்க, எழுதி அனுப்பிடலாம்" என்றார். பேனா மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவரும் பதிவேட்டை மூடிவிட்டார். ஒரு தடவை வளைத்துவிட்டால் அப்புறம் அது அளவுகோலா, சொல்லுங்கள்.

பேச்சித்தாய் என்று சொன்னேனே, அவளால்தான் எல்லாம். நான் சொல்வது அவதூறு இல்லை, கணக்கு. அவள் பிள்ளை சுபிக்‌ஷா இந்த ஜூனிலிருந்து அந்த நாலாம் வகுப்பில்தான் படிக்கிறது. நல்ல பிள்ளை. விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும், அம்மா பீடி இலை வாங்கப் போய்விடுவாள், வீட்டில் ஆள் இல்லை. நான் தூள் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். "தாத்தா, இன்னிக்கு எத்தனை சிரட்டை?" என்று கேட்கும். நான் விரலைக் காட்டுவேன். அதோடு மட்டும் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும். இந்த ஊரில் தூளைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

மார்ச் மாதம் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். நான் இரண்டு தடவை எண்ணினேன். பேச்சித்தாயும் இருந்தாள். முதல் பொருள் கழிப்பறைத் தண்ணீர். அதில் முக்கால் மணி நேரம். தண்ணீர் மோட்டார் சுவிட்சை யார் போடுவது என்று வார்டு மெம்பர் கோமதிநாயகமும் முப்பிடாதியும் மாற்றி மாற்றிப் பேசினார்கள். இரண்டாவது பொருள் சத்துணவு முட்டை. மூன்றாவது மரம். டீச்சர் "அடுத்து மரம்" என்று சொல்லி வாய் மூடவில்லை, பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். நாலு மணிக்குப் பீடியை ஒப்படைக்க வேண்டும், பிந்தினால் வாங்கமாட்டான், "நீங்க எழுதிக்கிடுங்க டீச்சர், எனக்குச் சம்மதம், சம்மதம்" என்று சொல்லிக்கொண்டே போகிறாள்.

நான் சீட்டு எழுதி நகர்த்தினேன். "இப்போது 12."

முப்பிடாதி சீட்டைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தாத்தா! அவ இன்னும் வாசலைத் தாண்டல, சம்மதம்னு சொல்லிக்கிட்டுதானே போறா!"

தாண்டிவிட்டாள். நான் பார்த்தேன். வலது கால் வெளிப்படியில் இருந்தது.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். பதிவேட்டை மூடினார். அந்த வாரச் சிரட்டைக் கணக்கு முக்கால்.

ஏப்ரல் பரீட்சை, கூட்டம் இல்லை. மே லீவு. பிள்ளைகள் இல்லாத முற்றத்தில் தூள் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது, நான் அதுபாட்டுக்கு அளந்துகொண்டிருந்தேன். வாரத்துக்கு முழுச் சிரட்டை ஆகிவிட்டது.

ஜூன் கூட்டத்துக்கு நான் முழுசாகத் தயாராகிப் போனேன் தம்பி. சீட்டு இல்லை, இந்தத் தடவை முழுத் தாள். கவை எங்கே, உயரம் எவ்வளவு, தூள் எந்த மாதம் எவ்வளவு, கயிறு எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும், எல்லாம். கீழே கூட்டிப் பார்த்தால் வைகாசிக் கணக்கில் அரைக்கால் சிரட்டை விடுபட்டிருந்தது. அடித்துத் திருத்திக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று பன்னிரண்டு.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எண்ணினேன். பன்னிரண்டு.

இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது. ஒரு ஆள். ஒரே ஒரு ஆள் குறைவு. பேச்சித்தாய்தான். கட்டாயம் வருகிறேன் என்று டீச்சரிடம் காலையில் சொல்லியிருக்கிறாள். அவள் வந்தால் அவள் பின்னாலேயே நானும் உள்ளே நுழைந்துவிடலாம் என்று வராந்தாவில் நின்றேன். கூட்டம் நடக்கும்போது தனியாகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதென்றால், பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். முப்பிடாதி ஏதாவது சொல்வாள். நாற்காலி இழுக்கிற சத்தம் வேறு. இருபத்தெட்டு நிமிடம் நின்றேன். அவள் வரவில்லை. உள்ளே டீச்சர், "ஒரு ஆளுதான் குறையுது, இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம், இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்" என்று சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. மூன்று நாற்பதுக்குப் பதிவேட்டை மூடினார்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பிந்திவிட்டேன் தம்பி. பிந்தி வந்தவனைச் சேர்த்துக்கொள்ளலாமா கூடாதா என்பதற்கு விதி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சரியான நேரத்துக்கு வரவேண்டியது அவள். பிள்ளையைப் பெற்றவள் அவள்.

கதவு திறந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். நான் நகர்வதற்குள் டீச்சர் பார்த்துவிட்டார். "ஐயா… நீங்க இங்கயா நின்னீங்க?" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த நேரம் பார்த்து பேச்சித்தாய் மூச்சு வாங்க ஓடி வருகிறாள், "முடிஞ்சிருச்சா டீச்சர், பீடிக்கடையில லேட்டாக்கிட்டானுவ" என்று. கோமதிநாயகம் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கோரத்தை வெளிய நின்னு எண்ணுனா சுத்தமா வரும் போல?" என்றான். சிரிப்பு. முப்பிடாதி, "உள்ள வந்தா அவரையும் எண்ணணும்லா, அதான்" என்றாள். இன்னும் சிரிப்பு. பேச்சித்தாய்கூடச் சிரித்தாள். அவள்!

தாள் என் பையிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது, இதோ. கொடுக்கவில்லை. சிரிக்கிறவர்கள் கையில் எதைக் கொடுப்பது?

அன்றிலிருந்து ஒரு மாதம் அந்தக் கூட்ட அறை வாசலை மிதிக்கவில்லை. விடியற்காலையில் போவது வேறு, அப்போது பெரிய ஆட்கள் யாரும் இருக்கமாட்டார்கள். கூட்டினேன், அளந்தேன். ஆனி பிறந்ததும் காற்று தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியாது. மலைக் கணவாய் வழியாக வந்து ஆளைத் தள்ளும். தூள் ஒரு நாளைக்கே ஒரு சிரட்டை, ஒன்றேகால், ஒன்றரை. நேற்று வரைக்கும் ஒன்றரையைத் தாண்டியதில்லை.

இன்று காலை மூன்று.

மூன்று சிரட்டை தம்பி. ஒரே ராத்திரியில். இந்த டின்னில் இருப்பது அதுதான். திறந்து பாருங்கள், மெதுவாக, பறக்கும். பார்த்தீர்களா, இது மாவு இல்லை. சிராய் வந்துவிட்டது. வண்டு தின்றால் மாவுதான் விழும். சிராய் விழுந்தால் மரமே நெரிகிறது என்று அர்த்தம். அடிமரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். நான் தட்டியது கீழே. சத்தம் மேலேயிருந்து வந்தது. முறுக்கு ஒடிக்கிற மாதிரி, சின்னதாக, இரண்டு தடவை.

உடனே முடிவு பண்ணிவிட்டேன். இன்று கூட்டம் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, டீச்சர் மேசையில் டின்னையும் தாளையும் வைத்துவிட வேண்டும். பேசவே வேண்டாம், வைத்தால் போதும். வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றி, டின்னைத் துடைத்து, தாளில் இன்றைய கணக்கையும் சேர்த்து எழுதி, பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வந்துவிட்டேன்.

கேட்டில் முப்பிடாதியும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். "கோரத் தாத்தா வந்தாச்சுட்டீ! மூணு மணிக் கூட்டத்துக்குப் பதினொண்ணரைக்கே ஆஜர். டின்னுல என்ன, அதிரசமா? இன்னிக்கு உள்ள வருவீயளா, இல்ல ஜன்னல்தானா?"

தமாஷாகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். ஆனால் கால் நின்றுவிட்டது. அதற்குள் இன்டர்வெல் மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்தன. கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் சுபிக்‌ஷா வந்து நின்று, "தாத்தா, இன்னிக்கு எத்தனை?" என்றது. நான் மூன்று விரலைக் காட்டினேன். "மூணா! ஐயய்யோ மூணாம்!" என்று கத்திக்கொண்டு ஓடியது. கத்தியது தம்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஒருவரும் என்ன மூன்று என்று கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் பஸ் ஸ்டாப். இந்த பஸ் வந்து நின்றது. ஒரு அம்மா கூடையோடு ஏறினார். நானும் அவர் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

மகள் வீட்டுக்குப் போகலாமென்று ஏறிய பிறகுதான் நினைத்தேன்.

இல்லை, நான் செய்தது சரிதான். நான் போகாவிட்டால்தான் அவர்களுக்கு என் அருமை தெரியும். இன்றைக்கு எண்ணிப் பார்க்கட்டும். பன்னிரண்டுதான் வரும். கோமதிநாயகத்தை இரண்டு நாற்காலியில் மாறி மாறி உட்காரச் சொல்லி இரண்டு ஆளாக எண்ணட்டும். அப்போது, ஐயா எங்கே, அவர் இருந்திருந்தால் இன்றைக்குத் தீர்மானம் ஆகியிருக்குமே என்று நினைப்பார்களா மாட்டார்களா? அடுத்த மாதம் நானே போவேன். நேரத்துக்கு முன்னால் போவேன். தாளை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு மாதம்தானே. கவை ஆறு மாதம் தாங்கியிருக்கிறது.

மறுபடி அடிக்கிறது பாருங்கள். அதே செலின் டீச்சர்தான். அடிக்கட்டும். ஐந்து. ஆறு. இப்படி ஓயாமல் கூப்பிடுகிறவர் இல்லை. எட்டு. ஒன்பது. நின்றுவிட்டது.

திரும்பவும்.

நீங்களும் எடுக்கச் சொல்கிறீர்கள். சரி, உங்களுக்காக எடுக்கிறேன். கொஞ்சம் ஜன்னல் கண்ணாடியை இழுத்துவிடுங்கள், காற்று இரைகிறது.

ஆமாம் டீச்சர். ஆவுடையப்பன்தான். ஆமாம். என்ன? கேட்கவில்லை டீச்சர். என்ன?

கட்டாகிவிட்டது.

ஒன்றும் விளங்கவில்லை. "கோரம்" என்கிறார். "கோரம் ஐயா, கோரம்" என்று இரண்டு தடவை. அவ்வளவுதான், வேறு வார்த்தை வரவில்லை. அதற்குள்ளாகவா பதின்மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்? கூட்டம் மூன்று மணிக்கல்லவா. இப்போது மணி என்ன? பன்னிரண்டு ஐம்பத்தொன்று. சந்தோஷமாகச் சொல்கிற குரலும் இல்லை அது. பின்னால் ஒரே கூச்சல். பதின்மூன்று பேர் போடுகிற கூச்சல் இல்லை தம்பி அது. அறைக்குள் நாலு பேர் பேசினாலும் நான் கேட்டே எண்ணிவிடுவேன். இதை எண்ண முடியவில்லை. சின்னக் குரலாக இருந்தது எல்லாம்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி. கை கழுவ ஐந்து நிமிடம். தட்டு எடுக்க இரண்டு நிமிடம். நாலாம் வகுப்புதான் முதலில் உட்காரும்.

தம்பி, இந்த டின்னைக் கொஞ்சம் பிடியுங்கள். மூடி கழன்றுவிட்டது, உங்கள் சட்டையெல்லாம் தூள். இருக்கட்டும். அது இருக்கட்டும். கண்டக்டரைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டேன். இப்போது கூப்பிட்டேனே, உங்களுக்குக் கேட்டதா? பக்கத்தில் இருக்கிற உங்களுக்கே கேட்கவில்லை, பாருங்கள். வாய்தான் அசைகிறது. இங்கே ஒருவரும் இறங்குகிற மாதிரித் தெரியவில்லை.

நீங்கள் ஒரு சத்தம் கொடுங்கள் தம்பி. ஆள் இறங்கணும் என்று சொல்லுங்கள். ஒரு ஆள்.